டீக்கும் ட்ரேக்கும் நடுவில்

அந்த வெள்ளைத் திட்டு, பல் ஈரமாக இருந்தவரை தெரியவே இல்லை. டாக்டரம்மா சின்னக் குழாய் ஒன்றை எடுத்து என் மேல்வரிசை இடது கோரைப்பல்லின் மேல் ஐந்தாறு நொடி காற்றை அடித்தார், எச்சில் காய்ந்தது, கைக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். பல்லை வரிசைக்குக் கொண்டுவர நான் மாட்டியிருந்த அலைனர் என்ற பிளாஸ்டிக் ட்ரேயின் பிடிமானத்துக்காகப் பல்லில் ஒட்டியிருந்த பட்டனைச் சுற்றியும் ஈறோரமாகவும் சுண்ணாம்பு தொட்ட விரலால் இழுத்த மாதிரி, பளபளப்பே இல்லாத ஒரு வெண்மை. “போன செக்கப் போட்டோவில இது இல்லை. டீ குடிக்கறப்ப ட்ரேயைக் கழட்டறீங்கதானே?” என்று கேட்டார்.

நான் உடனே பழியை ஊர்மேல் போட்டேன். “எங்க ஊர்த் தண்ணி டாக்டர்.”

அது முழுப் பொய்யும் இல்லை. பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வருவதற்கு முன்னால் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் போர்வெல் தண்ணீர்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடிப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து தண்ணீரோடு வரும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது நம் நாட்டுக் குடிநீர் அளவு. எங்கள் மாவட்டத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டியவை. ஈறுக்குள்ளே பல் உருவாகிக்கொண்டிருக்கிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு எனாமலில் வெள்ளைக் கோடும் காவித் திட்டும் விழும். எனக்கும் விழுந்தது. கல்லூரி சேர்ந்த முதல் வாரம் விடுதியில் ஒருவன் நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு “தருமபுரியா?” என்று கேட்டான்.

ஆனால் டாக்டரம்மா விடுவதாக இல்லை. “ஊர்த் தண்ணி போட்டது எது, நீங்க போட்டது எதுன்னு பிரிச்சுக் காட்டட்டுமா?” என்று பழைய போட்டோக்களைத் திரையில் போட்டார். தண்ணீர் போட்ட கோடுகள் பல்லுக்குக் குறுக்கே ஓடுகின்றன, இடது பக்கப் பல்லில் எப்படியோ வலது பக்க ஜோடியிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன, ஏனென்றால் இரண்டும் ஒரே வயதில் உருவானவை. புதிய திட்டுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அழுக்கு எங்கே தங்குமோ அங்கே, ஈறோரத்திலும் பட்டனின் விளிம்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதுதான் சொத்தையின் முதல் படி. மேல்தோல் கெடாமல் உள்ளேயிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து போயிருக்கிறது, அந்தப் பொடித் துளைகளில் எச்சில் நிறைந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, காய்ந்து காற்று புகுந்ததும் வெள்ளையாகக் காட்டிவிடும். காய வைத்தால் மட்டும் தெரிகிற நிலையில் கண்டுபிடித்தால் நிறுத்திவிடலாம், ஈரத்திலேயே தெரிய ஆரம்பித்தால் இன்னும் ஆழம் போயிருக்கிறது என்று அர்த்தம், குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும்.

சரி, ஒப்புக்கொண்டேன். டீ குடித்தது உண்மை. ட்ரேயோடுதான்.

என்னிடம் அலைனர் பற்றி விசாரிக்கிற நண்பர்கள் எல்லோரும் மூன்றே கேள்விதான் கேட்கிறார்கள்: எவ்வளவு ஆகும், வலிக்குமா, வெளியே தெரியுமா. பல் என்ன ஆகும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. போடுவதற்கு முன்னால் நானும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

எனக்கு 39 வயதில் இந்த ஆசை வந்ததற்கு அழகு காரணம் இல்லை என்று சொன்னால் மனைவி சிரிப்பாள், பாதி காரணம் அதுதான். மீதிப் பாதி, கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றதும், பல் விளக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் ரத்தம் வந்ததும். தெத்துப்பல்லின் பின்னால் பிரஷ் போகாது. முதலில் ஃபோனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: வீட்டுக்கே பெட்டி வரும், நாமே அச்சு எடுத்து அனுப்ப வேண்டும், ட்ரேக்கள் கூரியரில் வந்துவிடும், டாக்டரைப் பார்க்கவே வேண்டாம். விலை பாதி. ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும், அட்டை எண் போடும் வரை போய்விட்டேன். மனைவிதான் “எக்ஸ்ரே எடுக்காம பல்லை நகர்த்துவாங்களா, செங்கல்லா அது?” என்று கேட்டு நிறுத்தினாள். அமெரிக்காவில் இந்த மாதிரி வீட்டுக்கே அனுப்பி வந்த பெரிய நிறுவனமான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள் என்று பிற்பாடு படித்தேன்.

கோயம்புத்தூரில் நான் போன இந்த டாக்டரம்மா, ட்ரேக்கு அளவெடுக்கிற ஸ்கேன் எடுக்கவே ஒன்றரை மாதம் காக்கவைத்தார். முதலில் ஸ்கேலிங் செய்து பல் காரையை எடுத்தார். கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது, அதை அடைத்தார். பிறகு ஈறில் ரத்தம் நிற்கும் வரை ட்ரே பேச்சே எடுக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் சொன்ன காரணம் இது: பல், எலும்பில் ஆணி மாதிரி அறைந்து வைக்கப்பட்டதில்லை, வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது, பல்லை ஒரு பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கத்து எலும்பைச் செல்கள் கரைக்கும், பின்பக்கம் வேறு செல்கள் புதிதாகக் கட்டும், அப்படித்தான் பல் நகர்கிறது. ஈறு நோய் இருக்கிறவருக்கு எலும்பு ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கும். அதில் போய் அழுத்தினால், கரைவது நடக்கும், கட்டுவது நடக்காது. பல் ஆட்டம் காணும். எந்த டாக்டராவது முதல் நாளே ஸ்கேன் எடுத்து இரண்டாம் நாள் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இது என் சொந்தக் கருத்து.

ட்ரே என்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான். கிளிப் போட்டால் கம்பி இழுக்கும். இதில் உறை தள்ளும். உங்கள் பல் இன்று இருக்கும் இடத்துக்கு இல்லாமல், கால் மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டிய இடத்துக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டிருக்கும், அதனால் போட்டதும் இறுக்கிப் பிடிக்கும். எனக்கு 28 ஜோடி, ஒவ்வொன்றும் பத்து நாள். யோசனை புதிதில்லை: 1945-லேயே கெஸ்லிங் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பற்களை மெழுகில் திருத்தி வைத்து ரப்பர் உறை செய்து கடைசிக்கட்டத் திருத்தங்களைச் செய்தார். ஒவ்வொரு படிக்கும் கையால் அச்சு செய்வது ஆகிற காரியமா? 1997-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அலைன் டெக்னாலஜி, இன்விசலைன் என்ற பெயரில் கம்ப்யூட்டரையும் முப்பரிமாண அச்சையும் இதற்குள் கொண்டுவந்த பிறகுதான் வரிசையாக முப்பது நாற்பது ட்ரே செய்வது நடைமுறைக்கு வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். மீதி 120 நிமிடம். முதல் நாளே உட்கார்ந்து கணக்குப் போட்டேன், பழக்கதோஷம். காலைச் சாப்பாடு 20, மதியம் 25, இரவு 25, மூன்று வேளையும் பல் துலக்கி ட்ரே கழுவ ஐந்தைந்து நிமிடமாக 15. ஆக 85. கையிருப்பு 35 நிமிடம். நான் ஒரு நாளைக்குக் குடிக்கிற டீ ஐந்து. ஒவ்வொரு டீக்கும் கழற்று, பெட்டியில் வை, குடி, வாய் கொப்பளி, மறுபடி மாட்டு என்றால் குறைந்தது பன்னிரண்டு நிமிடம், ஐந்துக்கு 60. கணக்கு உதைத்தது.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி கேவலமானது. முதல் இரண்டு மாதம் ஒழுங்காகக் கழற்றினேன். மூன்றாவது மாதம், ஜிஎஸ்டி தாக்கல் நெருக்கத்தில், டீயை ஆறவைத்து ட்ரேயோடே குடிக்க ஆரம்பித்தேன். ஆறிய டீயால் பிளாஸ்டிக் வளையாது, கறை பிடித்தால் பத்து நாளில் தூக்கிப் போடப் போகிற ட்ரேதானே என்று தைரியம். பிளாஸ்டிக்கைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன், உள்ளே இருக்கிற பல்லைப் பற்றி யோசிக்கவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். சர்க்கரை வாய்க்குள் போனதும் பல்லின் மேலுள்ள கிருமிப் படலம் அதைத் தின்று அமிலம் கக்கும். சில நிமிடங்களில் பல்லின் மேற்பரப்பில் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) 5.5-க்குக் கீழே இறங்கும், அந்தக் கோட்டுக்குக் கீழே எனாமல் கரைய ஆரம்பிக்கும். ஸ்டீபன் என்ற அமெரிக்கர் 1940-களில் இதை அளந்து வரைபடமாகப் போட்டார், பல் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் அந்த வளைவை வரைகிறார்கள். சர்ரென்று இறங்கும், பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை மெல்ல மெல்ல ஏறும். ஏற்றிவிடுவது யார்? எச்சில்தான். அமிலத்தைக் கழுவும், முறிக்கும், கரைந்த சுண்ணாம்புச் சத்தைத் திரும்பக் கொண்டுவந்து பூசும். நாம் மரியாதையே இல்லாமல் துப்புகிற சாமான், அது செய்கிற வேலை இவ்வளவு. ட்ரே போட்டதும் அந்த எச்சில் பல்லுக்கு வெளியே நின்றுவிடுகிறது. நான் ஒவ்வொரு முறை டீ குடித்தபோதும் சர்க்கரைத் தண்ணீர் ட்ரேயின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கி, மூடி போட்ட டப்பாவில் ஊறவைத்த மாதிரி நின்றிருக்கிறது. நாள் ஒன்றுக்கு ஐந்து முறை, ஏழெட்டு வாரம்.

ஆகவே ட்ரே பல்லைக் கெடுக்கிறது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் அதற்குள் எதை விட்டுவைத்து மூடுகிறீர்களோ அதைக் காப்பாற்றித் தரும். சுத்தமான பல்லை மூடினால் சுத்தம். இட்லிச் சட்னியோடு மூடினால் சட்னி.

இன்னொரு பக்கமும் உண்டு. விதியை ஒழுங்காகப் பிடித்தவர்களுக்கு அலைனர் பல்லுக்கு நல்லதே செய்கிறது. கம்பி கட்டினால் ஒன்றரை இரண்டு வருடம் கம்பியைச் சுற்றிச் சுற்றி பிரஷ் போட்டு மாய வேண்டும், இதில் கழற்றிவிட்டு வெறும் பல்லை விளக்கலாம், பல்லிடுக்கில் ஃப்ளாஸ் நூல் இழுக்கலாம். அதைவிட முக்கியம், நொறுக்குத் தீனி நின்றுபோகும். சொத்தைக்கு எவ்வளவு சர்க்கரை தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம், வாயில் எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே பெரிய விஷயம். இதை உலகத்துக்குக் காட்டிய ஸ்வீடனின் விபெஹோல்ம் ஆய்வு 1940-களில் மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பல்லைச் சொத்தையாக்கி நடத்தப்பட்டது; அறிவு கிடைத்த வழி அருவருப்பானது, ஆனால் அந்த அறிவை இன்று எல்லோரும் பயன்படுத்துகிறோம். திட்டு விழுந்ததற்குப் பிறகு நான் ஐந்து டீயை இரண்டாக்கினேன், அதையும் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டேன். காலை டிபன் முடிந்த கையோடு ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று. மாலை நாலு மணிக்கு ஆபீஸில் எல்லோரும் பேக்கரிக்குப் போகும்போது நான் வெறும் தண்ணீர் பாட்டிலோடு போய் நிற்பேன். முதல் வாரம் தலைவலி, அப்புறம் பழகிவிட்டது.

சாப்பிட்ட உடனே பல் தேய்க்கலாமா என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புளிப்பானது எதையாவது சாப்பிட்டால், எலுமிச்சை ஜூஸ், புளிச்ச மோர், ஆரஞ்சு, எனாமலின் மேற்பரப்பு கொஞ்ச நேரம் இளகியிருக்கும், அப்போது அழுத்தித் தேய்த்தால் தேயும், அரை மணி பொறு என்பார்கள். ஒவ்வொரு வேளையும் அரை மணி பொறுத்தால் என் 120 நிமிடம் எங்கே போவது? டாக்டரம்மா சொன்ன சமரசம்: புளிப்பை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளு, அப்போது நேரம் இருக்கும், மதியம் நன்றாகக் கொப்பளித்து, மென்மையான பிரஷ்ஷால் அழுத்தாமல் தேய்த்துவிட்டு மாட்டு, பிரஷ்ஷே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் வாய் நிறையத் தண்ணீர் வைத்து மூன்று முறை பலமாகக் கொப்பளித்து, ட்ரேயையும் கழுவி மாட்டு, வீட்டுக்குப் போனதும் ஒழுங்காகச் செய். பிரஷ் இல்லையே என்று ட்ரேயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் திரிவதைவிட இது மேல்.

அப்புறம் பேஸ்ட். இரவு படுக்கும் முன் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டால் இரண்டு நிமிடம் தேய்த்து நுரையைத் துப்பு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதே, அப்படியே ட்ரேயை மாட்டு என்றார். அமிலத்தை மூடி வைத்த அதே மூடி, இப்போது மருந்தை மூடி வைக்கும். எனக்கு இது பிடித்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

ஊருக்குப் போயிருந்தபோது பேஸ்ட் அட்டையைப் படித்துக் காட்டச் சொன்னாள். “ஃபுளோரைடுதானடா நம்ம ஊருப் பல்லையே கெடுத்துச்சு? அதுக்குத்தான அவ்வளவு செலவு பண்ணி ஒகேனக்கல்லிருந்து தண்ணி கொண்டாந்தாங்க? நீ அதையே காசு குடுத்து வாங்கிப் பூசற? படிச்சவன்தான கண்ணு நீ?”

நியாயமான கேள்வி. நானே டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். பதில் வயதில் இருக்கிறது. எட்டு வயது வரை, பற்கள் எலும்புக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும்போது, விழுங்கிய ஃபுளோரைடு அதிகமானால் எனாமல் கோணலாக அமையும். முளைத்து முடிந்த பல்லுக்கு அப்படி நடக்காது. முளைத்த பல்லின் மேல் பூசுகிற ஃபுளோரைடு, கரைந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து திரும்ப உட்காரக் கைகொடுக்கிறது, அப்படி உட்கார்ந்தது பழையதைவிட அமிலத்தைத் தாங்குகிறது. விழுங்கக் கூடாது, பூசலாம். நம் நாட்டில் பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்குக்கு, மேல் போகக் கூடாது என்று சட்ட வரம்பே உண்டு.

வேடிக்கை என்னவென்றால், ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கும் என்று உலகம் தெரிந்துகொண்டதே எங்களைப் போன்ற கறைப் பல்காரர்களால்தான். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் 1901-இல் வேலைக்குப் போன மெக்கே என்ற பல் டாக்டர், ஊர்ப்பிள்ளைகளின் பல்லெல்லாம் காவியாக இருப்பதைப் பார்த்தார், அதே பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் பார்த்தார். காரணம் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு என்று தெரிய 1931 ஆகிவிட்டது. நம் பக்கம், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரைடு எலும்பையும் வளைப்பதை மருத்துவர்கள் 1937-இல் எழுதினார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். “அந்த வெள்ளைக்காரன் ஊருலயும் இதே பல்லா?” என்று அது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள், முகத்தில் ஒரு திருப்தி.

அதே பயணத்தில்தான் அம்மா என் ட்ரேயை வெந்நீரில் போட்டாள். நல்லெண்ணம். பேரப்பிள்ளைகளின் பால் புட்டியைக் கொதிக்க வைத்துக் கழுவியே பழகியவள், நான் குளிக்கப் போன நேரம் பெட்டியைத் திறந்து பார்த்து, “வழுவழுன்னு இருந்துச்சுடா, அதான்” என்று ஒரு சொம்பு கொதிநீரை ஊற்றிவிட்டாள். வந்து பார்த்தால் மேல் ட்ரே உள்பக்கமாகச் சுருங்கி, வாடின பூசணிப் பூ மாதிரி. மாட்டிப் பார்த்தேன், கடைவாய் வரை போகவே இல்லை. டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். ஒன்பதாவது நாள் என்பதால் அடுத்த ஜோடியையே போடச் சொன்னார். இரண்டாம் மூன்றாம் நாளாக இருந்திருந்தால் முந்தின ஜோடிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் ஊருக்குப் போகும்போது முந்தினது, இப்போதையது, அடுத்தது மூன்றும் பையில் இருக்க வேண்டும். அந்த வழுவழுப்பும் கிருமிப் படலம்தான், அம்மா சொன்னதில் தப்பில்லை. அந்தப் படலம் போவதற்கு, பச்சைத் தண்ணீர், மென்மையான தனி பிரஷ், ஒரு சொட்டு சாதாரணத் திரவ சோப்பு போதும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் கறையும் நாற்றமும் தங்கும். பல்பொடி என்றால் கேட்கவே வேண்டாம். ஆலங்குச்சி, வேலங்குச்சியால் விளக்கிய தாத்தாவின் பல் எண்பது வயது வரை கெட்டியாக இருந்தது உண்மைதான், ஆனால் அவர் பல்லில் பிளாஸ்டிக் பட்டன் ஒட்டியிருக்கவில்லை.

பட்டன் என்றேன். பல்லின் நிறத்திலேயே, அரிசி அளவில் ஒட்டுகிற சின்ன மேடு, ட்ரே பிடிமானத்துக்கு. எனக்கு பதினான்கு. ஒட்டுவதற்கு முன் எனாமலை ஒரு அமிலக் களிம்பால் கொஞ்சம் சொரசொரப்பாக்குவார்கள். இங்கேயும் ஊர் குறுக்கே வந்தது. ஃபுளோரைடு ஏறிய எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு லேசில் மசியாது, சரியாகச் சொரசொரப்பாகாது, அதனால் ஒட்டு நிற்காது. முதல் மாதமே இரண்டு விழுந்தன, மேல் முன்பல் ஒன்று, கீழே ஒன்று. அடுத்த தடவை கூடுதல் நேரம் களிம்பு வைத்து ஒட்டினார், நின்றது. மூன்றாவதாக விழுந்ததற்குத் தண்ணீர் காரணம் இல்லை, பொங்கல் கரும்பு. பல்லால் தோல் உரிக்கும்போது கடக் என்றது, கரும்போடு சேர்த்து அதையும் மென்று துப்பிவிட்டேன். முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், எலும்புக் கறி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பட்டன் விழுந்தால் வலிக்காது, அதனால் அடுத்த செக்கப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். அதற்குள் அந்த ஒரு பல் மட்டும் வரிசையிலிருந்து பின்தங்கிவிடும். விழுந்த அன்றே சொல்லுங்கள். பட்டனைச் சுற்றித்தான் அழுக்கு அதிகம் தங்கும் என்பதற்கு என் கோரைப்பல்லே சாட்சி, பிரஷ்ஷை மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை சாய்த்துப் போட வேண்டும். சில பற்களுக்கு நடுவில் இடம் செய்ய மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு மாதிரி எனாமலை ராவினார்கள், கேட்கப் பயமாக இருந்தது, வேலை ஐந்து நிமிடம், கூச்சமோ சொத்தையோ வரவில்லை.

ட்ரே தொலைத்த கதையைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. சித்தப்பா மகள் கல்யாணம், தருமபுரியில் மண்டபம், இரண்டாம் பந்தி. பெட்டியை அறையிலேயே வைத்துவிட்டேன். இலை போட்டாயிற்று, எதிரில் ஒரு வரிசையே உட்கார்ந்திருக்கிறது, கர்ச்சீப்பால் மறைத்துக்கொண்டு கழற்றி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலையின் தலைப்பக்கம் வைத்தேன். பாயசம் வந்தது, மோர் வந்தது, பக்கத்தில் மாமா நிலத்து வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார், இலையை மடித்து எழுந்து கை கழுவப் போனேன். கண்ணாடியில் பல்லைப் பார்த்ததும்தான் உறைத்தது. திரும்ப ஓடினேன், மூன்றாம் பந்திக்கு மேஜையில் புதுத்தாளே விரித்துவிட்டார்கள். மண்டபத்துப் பின்பக்கம் இலைக் குவியல், ஐந்நூறு இலை இருக்கும், இரண்டு மாடுகள் ஏற்கெனவே வேலையை ஆரம்பித்திருந்தன. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் புரட்டினேன். பந்தி பரிமாறுகிற பையன் ஒருவன் “என்னண்ணா, மோதிரமா?” என்று கேட்டுக் கூடவே தேட வந்தான். பல் செட்டு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம், மோதிரம் என்றேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாயில் வைத்திருக்க மாட்டேன் என்பது வேறு. அன்றிலிருந்து பெட்டி சட்டைப் பையில்தான், சட்டையில் பை இல்லையென்றால் அந்தச் சட்டையே வேண்டாம்.

28 ஜோடி முடிந்து, சரியாகத் திரும்பாத இரண்டு பற்களுக்காக மறுபடி ஸ்கேன் எடுத்து இன்னும் 11 ஜோடி. முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது பல் பழைய இடத்துக்கே திரும்பாமல் பிடித்து வைக்க இரவில் ரிடெய்னர் என்ற உறை, கீழ்வரிசைக்குப் பின்னால் ஒட்டிய ஒரு மெல்லிய கம்பி. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன், “பல்லு இருக்கற வரைக்கும்” என்றார். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பி திறக்கிற வாய் அந்தக் கீழ்ப்பற்களுக்கு நேராகத்தான் இருக்கிறது, அதனால் காரை கட்டுகிற முதல் இடமும் அதுவே, கம்பி இருந்தால் இன்னும் சீக்கிரம் கட்டும். கம்பிக்கு அடியில் நூல் நுழைக்க ஒரு வளையம் தருகிறார்கள், தினம் இரண்டு நிமிடம், எரிச்சல் பிடித்த வேலை, செய்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேலிங்.

போன வாரம் செக்கப். கோரைப்பல்லில் காற்றை அடித்துக் காட்டினார். பட்டனைச் சுற்றியிருந்த வெண்மை நன்றாகக் குறைந்திருக்கிறது, ஈறோரத்தில் நெல் நுனி அளவு இன்னும் நிற்கிறது, ஆனால் வளரவில்லை, மேற்பரப்பு வழவழப்பாகிவிட்டது. வேண்டுமென்றால் பிசின் மாதிரி ஒரு திரவத்தை உள்ளே இறக்கி நிறத்தைச் சரிசெய்யலாம், அதே கையோடு பழைய ஊர்க் கறைகளையும் பார்த்துவிடலாம், விலை பேசிக்கொள்ளலாம் என்றார். கோரைப்பல்லுக்கு மட்டும் செய்யுங்கள், மற்றது இருக்கட்டும் என்றேன். “ஏன்?” என்றார். அம்மா அடையாளம் கண்டுபிடிக்க வேண்டாமா என்று சொல்லிவைத்தேன். சிரித்துக்கொண்டே சீட்டில் ஒரு பல்லுக்கு மட்டும் வட்டம் போட்டார்.